இதயம் நின்றவரிடம் முதலில் போய்ச் சேர்பவர் யார்? (கேள்வி பதில்)

மருத்துவமனைக்கு வெளியே இதயத்துடிப்பு நின்றுபோனவர்களைக் காப்பாற்றுவது குறித்து உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் அளித்த பதில்கள்.

ஐயா, ஆம்புலன்ஸில் உயர்பயிற்சி பெற்ற பாராமெடிக் (ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளர்) இருந்தால் கூடுதல் பேர் பிழைப்பார்கள் அல்லவா?

அப்படித்தான் நாங்களும் நம்பியிருந்தோம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 17 நகரங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2004இல் வெளிவந்தன. இதயத்துடிப்பைச் சீராக்க விரைவாக மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்த அந்த நகரங்களில், மூச்சுக்குழாயில் குழாய் செருகவும் இரத்தக்குழாய் வழியே மருந்து ஏற்றவும் பயின்ற பாராமெடிக்குகளைக் கூடுதலாகச் சேர்த்தபோது, பிழைத்து வீடு திரும்பியோர் விகிதம் 5.0 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமாக மட்டுமே மாறியது. அருகில் இருந்தவர் விழுந்ததைப் பார்த்திருந்ததும், உடனே நெஞ்சை அழுத்தியதும், விரைவாக மின்னதிர்ச்சி கிடைத்ததும்தான் பெரிய வேறுபாட்டை உண்டாக்கின. உயர்பயிற்சி வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால், இரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்கிவிடுவதால், தாமதமாக வரும் திறமையால் அந்த இழப்பை ஈடுசெய்ய முடிவதில்லை.

ஆனால் அமெரிக்காவின் சியாட்டிலில் பாராமெடிக்குகளால்தான் அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்று படித்திருக்கிறேனே?

சியாட்டிலின் பாராமெடிக்குகள் மிகத் திறமையானவர்கள் என்பது உண்மை. இதய மருத்துவர் லியனார்ட் காப், தீயணைப்புத் துறைத் தலைவர் கோர்டன் விக்கரி ஆகிய இருவரும் 1970இல் அங்கே தொடங்கிய திட்டத்தில், அடிப்படைப் பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்கள் முதலில் வந்து நெஞ்சழுத்தத்தையும் மின்னதிர்ச்சியையும் தொடங்கிவிடுவார்கள்; பாராமெடிக்குகள் அடுத்து வந்து சேர்வார்கள். பாராமெடிக்குகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருப்பதால், கடுமையான நோயாளிகளைக் கையாளும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் அடிக்கடி கிடைத்து, கை பழகுகிறது. பணியாளர் அமைப்பில் நான் மிகவும் மதிக்கும் கூறு இதுதான். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது: 1972இலேயே பொதுமக்களுக்கு நெஞ்சழுத்தம் கற்பிக்கும் இயக்கத்தையும் அவர்கள் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு வண்டியில் எத்தனை பேர் இருந்தால் போதும்?

நம் 108 வண்டியில் ஓட்டுநர் ஒருவர், அவசர மருத்துவ நுட்பர் ஒருவர் என இருவர் வருகிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். எவ்வளவு வலுவானவராக இருந்தாலும் இரண்டு நிமிடத்தில் தோள் சோர்ந்து, அழுத்தம் தமக்கே தெரியாமல் ஆழம் குறைந்துவிடும் என்பதால், கை மாற்ற இன்னொருவர் வேண்டும். முகமூடிப் பையால் மூச்சுக் கொடுக்கவும் மின்னதிர்ச்சிக் கருவியைப் பார்க்கவும் வேறு கைகள் வேண்டும். வண்டி கிளம்பிவிட்டாலோ, ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பின்னால் இருப்பவர் தனியாளாகிறார். ஒரு வளைவு வந்தால் கம்பியைப் பிடிக்க ஒரு கையை எடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. எனவே, நோயாளி விழுந்த இடத்திலேயே, தரையில் வைத்து, இருவரும் சேர்ந்து முதற்கட்டச் சிகிச்சையை முழுமையாகச் செய்வதே நல்லது. "ஏன் இன்னும் ஏற்றவில்லை?" என்று உறவினர்கள் பதறுவது எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த நிமிடங்களில் சிகிச்சை அங்கேயேதான் நடக்கிறது.

விழுந்தவர் மூச்சு விடுவதுபோலத் தெரிந்தால் காத்திருக்கலாமா, டாக்டர்?

காத்திருக்க வேண்டாம், அம்மா. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு வாய் திறந்து திறந்து மூடும். குறட்டைபோல விட்டுவிட்டு ஓர் இழுப்பு வரும். அது மூச்சன்று. தட்டி அழைத்தும் அசைவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால், 108ஐ அழைத்துக் கைப்பேசியை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு அழுத்தத் தொடங்குங்கள். அழைப்பை எடுப்பவரும் பணியாளரே. "நான் எண்ணுகிறேன், நீங்கள் அழுத்துங்கள்" என்று அவர் வழிநடத்தினால், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. நிதி குறைவாக உள்ள எந்த அமைப்பும் முதலில் இந்தப் பயிற்சிக்கே செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விலா எலும்பு உடைந்துவிடாதா?

உடையலாம். எலும்பு கூடிவிடும்; அழுத்தத்தை நிறுத்த வேண்டாம்.

எங்கள் குடியிருப்பில் மின்னதிர்ச்சிக் கருவி வாங்கி வைப்பது பயன்தருமா?

எடுத்து வர ஆள் இருந்தால் பயன்தரும். அமெரிக்காவின் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்கே இக்கருவியைப் பழக்கினார்கள். மின்னதிர்ச்சியால் சரிசெய்யக்கூடிய துடிப்புக் கோளாறோடு, பிறர் கண்முன் விழுந்தவர்களில், மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி பெற்றோரில் 74 சதவீதத்தினர் பிழைத்தார்கள். அதற்குப் பின் பெற்றோரில் 49 சதவீதத்தினர். ஆகவே கருவியைச் செயலாளர் அறையில் பூட்டி வைக்காமல், இரவிலும் ஆள் இருக்கும் வாயிற்காவலர் கூண்டில் மாட்டி, முதல் பயிற்சியை அந்தக் காவலருக்கே கொடுங்கள்.