ஒரு கண் தூரத்துக்கு, மறு கண் கிட்டத்துக்கு

கேள்வி: கண்புரை அறுவைக்குப் பின் கண்ணாடியைத் தவிர்க்க, ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைக்கலாம் என்கிறார் மருத்துவர். இரவில் டாக்சி ஓட்டும் நான் இதை ஏற்கலாமா? – வாசகர், ஈசூன்

பதில்: மோனோவிஷன் எனப்படும் இம்முறையில், பெரும்பாலும் ஆதிக்கக் கண்ணில் (பார்வைக்கு மூளை கூடுதலாக நம்பும் கண்) தூரப் பார்வைக்கான லென்சும், மற்றதில் ஏறத்தாழ மைனஸ் 1.25 முதல் 2 டயாப்டர் (லென்ஸ் திறனின் அலகு) வரை கிட்டப்பார்வை எஞ்சும்படியான லென்சும் பொருத்தப்படும். இரண்டில் தெளிவான பிம்பத்தையே மூளை நாளடைவில் ஏற்கப் பழகும். கைப்பேசித் திரை கண்ணாடியின்றித் தெரியும் என்றாலும், ஆழத்தை உணரும் திறன் சற்றுக் குறையும் என்பதால், மழை இரவில் விரைவுச்சாலையில் முன்வண்டியின் பிரேக் விளக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணித்தே பிழைக்கும் உங்களுக்கு இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். ஆசை விடாவிட்டால், முதலில் தூரத்துக்கான கண்ணை மட்டும் முடித்துக்கொண்டு, மறு கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் இட்டு ஒத்திகை பார்க்க முடியுமா என்று (புரை முற்றியிருந்தால் இது பயன்படாது) மருத்துவரிடம் கேளுங்கள். வண்டி ஓட்டுவதற்கென்றே தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வோரும் உண்டு.