ஹெல்சிங்கியில ஒரு நாள், நடந்தே போலாமா?

கேள்வி: டிசம்பர்ல நானும் வீட்டுக்காரரும் ஹெல்சிங்கி போறோம், ஒரே நாள்தான் இருக்கு. அந்தக் குளிர்ல நடந்தே ஊர் சுத்த முடியுமாங்க?
– வாசகி, கோவை

பதில்: தாராளமா சுத்தலாம். குளிரை விட வெளிச்சம்தாங்க பிரச்னை, ஒன்பது மணிக்கு மேலதான் விடியும், மூணே காலுக்கெல்லாம் இருட்டிடும். செனட் சதுக்கத்து வெள்ளை கதீட்ரல்ல ஆரம்பிங்க, ஹார்பர் பக்கத்துலயேதான், அங்க 1889லேர்ந்து இருக்கற பழைய மார்க்கெட் ஹால்ல சால்மன் சூப் கிடைக்கும், க்ரீம், உருளைக்கிழங்கு, மேல டில் இலை தூவி, தொட்டுக்க கறுப்பு ரை ப்ரெட், அதை சூடா உள்ள தள்ளிட்டா ரெண்டு மணி நேரத்துக்கு குளிராவது ஒண்ணாவது! (சைவம்னா கொஞ்சம் கஷ்டம்தான்.) அப்புறம் அலெக்சான்டரின்கட்டு தெரு வழியா நடங்க, நடைபாதைக்கு அடியில சுடுதண்ணி குழாய் ஓடுறதால பனி தங்காது, மத்த தெருவுல நல்லா வழுக்கும், சாதா ஸ்னீக்கர்ஸ் வேணவே வேணாம். கால் வலிச்சா ‘ஓடி’ன்னு (Oodi) ஒரு பொது லைப்ரரி இருக்கு, 2018ல திறந்தது, காசே கிடையாது, எவ்ளோ நேரம்னாலும் உக்காரலாம். அங்கேர்ந்து பாறையைக் குடைஞ்சு கட்டின டெம்பெலியாவுகியோ சர்ச் நடக்கற தூரம்தான், அதுக்கு டிக்கெட் உண்டு. சுவோமென்லின்னா கோட்டைத் தீவு படகுல கால் மணி நேரம், ஆனா இதோட சேர்த்தா நேரம் பத்தாது, வீட்டுக்காரர் அடம் புடிச்சா சர்ச்சை விட்டுட்டு காலையிலயே அங்க கிளம்பிடுங்க.