ஃபிலிமோடு பெயிண்டும் உரிந்து வந்தது: ஷோரூம் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் கோவையில் ஒரு ஷோரூமில் 78 லட்சம் கொடுத்து இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். பல வருடக் கனவு. பெயிண்ட்டுக்குப் பாதுகாப்பு தேவையா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஷோரூம்காரர்களே வற்புறுத்தி, டெலிவரிக்கு முன்பே வண்டி முழுக்க பிபிஎஃப் (பெயிண்ட்டைக் காக்கும் ஃபிலிம்) ஒட்டித் தந்தார்கள். அதற்குத் தனியாக 2.4 லட்சம் பில். ஓரங்களில் மஞ்சள் தட்டியதால் வெளியே ஒரு டீடெய்லிங் ஸ்டுடியோவில் உரிக்கச் சொன்னேன். வலது முன் ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலுள்ள பக்கவாட்டுத் தகடு) ஃபிலிமோடு பெயிண்டும் வந்துவிட்டது. பெயிண்ட் தடிமனை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்த ஸ்டுடியோக்காரர், இது ஏற்கெனவே ரீபெயிண்ட் ஆன ஃபெண்டர் என்கிறார். ஷோரூமோ, வெளியாள் கைவைத்ததால் வாரண்டி போய்விட்டது என்கிறது. மேனேஜர் இரண்டு மணி நேரம் நிற்கவைத்து அவமானப்படுத்தினார். மனம் பொறுக்காமல் அவர் முகத்தைக் காட்டி இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்டேன், அவதூறு என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. எனக்குப் புது வண்டியும், மன உளைச்சலுக்கு 25 லட்சமும் வேண்டும். ஸ்டுடியோ, ஷோரூம், கம்பெனி மூவர் மீதும் வழக்குப் போடப்போகிறேன். அடுத்த வாரம் மீதி ஃபிலிமையும் உரித்து, ஃபெண்டருக்கு பெயிண்ட் அடித்து, புதிதாக ஒட்ட நாள் குறித்தாகிவிட்டது. மறுபடி பிபிஎஃப் போடலாமா, வேண்டாமா?
– கோவை வாசகர்

பதில்: முதலில் அந்த நாளை ரத்து செய்யுங்கள். இன்றே ஃபோன் செய்து நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் மேனேஜர் நிற்கவைத்தது, காபி கொடுக்காதது, உறவினர் முன் தலைகுனிந்தது எல்லாம் நாலு பக்கம். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் வழக்கு அதை வைத்து நிற்காது. மஞ்சள் தட்டியதும் சின்ன விஷயம். வழக்கைத் தீர்மானிக்கும் வரி ஐந்தாம் பக்கத்தில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ஃபிலிம் ஒட்டிய வேலைக்கு ஷோரூம் போட்ட சீட்டான ஜாப் கார்டின் தேதி, டெலிவரிக்கு மூன்று நாள் முந்தையது.

அதுதான் உங்கள் கேஸ். ரீபெயிண்ட் வழக்குகளில் எப்போதும் தோற்கிற இடம் ஒன்றுதான். "எங்களிடமிருந்து சுத்தமாகத்தான் போனது, வாங்கியவர் எங்கேயோ இடித்துவிட்டு வெளியில் பெயிண்ட் அடித்துக்கொண்டார்" என்பார்கள். அது பொய் என்று வாங்கியவரால் காட்ட முடியாது. உங்களால் முடியும். பெயிண்ட் ஃபிலிமுக்கு அடியில் இருந்தது. அந்த ஃபிலிம் ஒட்டப்பட்டது வண்டி ஷோரூமின் கையில் இருந்தபோது. ஆகவே ஃபெண்டருக்கு யார் பெயிண்ட் அடித்திருந்தாலும் அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்புதான் நடந்திருக்க வேண்டும். "வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று டெலிவரி நோட்டில் நீங்கள் போட்ட கையெழுத்து இதைக் கெடுக்காது. ஃபிலிமுக்கு அடியில் இருப்பதை வாங்குகிறவர் எப்படிப் பார்ப்பார்? ரீபெயிண்ட் செய்ததை மறைத்து, வண்டியைப் புதிது என்று சொல்லி விற்றது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. வெளியாள் உரித்ததால் வாரண்டி போனதா இல்லையா என்ற சண்டைக்குள் நீங்கள் போகவே வேண்டாம். வாரண்டியில் அல்ல, மறைப்பில் நிற்கிறது உங்கள் வழக்கு.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலரும் விழுகிற குழி இது.

ஆத்திரத்தில் இருப்பார்கள். ஆனால் வண்டி அசிங்கமாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்காது. ஷோரூமுக்கு வக்கீல் நோட்டீஸ் போவதற்குள் வண்டியைச் சரிசெய்துவிடுவார்கள். ஒருவர் இப்படித்தான் வந்தார்: விலை உயர்ந்த கார், பானெட்டில் ரீபெயிண்ட், சந்தேகமே இல்லாத கேஸ். என்னிடம் வந்தபோது பானெட் பளபளவென்று புதிய பெயிண்ட்டோடு இருந்தது. உரித்த ஃபிலிமை ஸ்டுடியோ குப்பையில் போட்டுவிட்டது. கையில் மிஞ்சியது செல்ஃபோனில் எடுத்த இரண்டு மங்கலான படம். எதிர்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்விதான்: "இப்போது பானெட்டில் இருக்கும் பெயிண்ட்டை யார் அடித்தது?" அதற்குப் பிறகு நான் வாதாட என்ன இருக்கிறது?

இன்னொரு வகை, ஷோரூமே கூப்பிட்டு "நல்லெண்ணத்துக்காக இலவசமாகப் பெயிண்ட் அடித்துத் தருகிறோம்" என்பது. வண்டியை எடுக்கும்போது நீட்டுகிற தாளில் "வேலை திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருக்கும். சாவி வாங்கும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். உங்களுக்கும் அந்த அழைப்பு வரும். உங்கள் நோட்டீஸ் அவர்களுக்குக் கிடைத்த மறுநாளே வரலாம்.

ஆகவே உங்களிடம் இப்போது மூன்று பொருள்கள் பத்திரமாக இருக்க வேண்டும்: ஃபெண்டர் அப்படியே, மற்ற பேனல்களில் இன்னும் ஒட்டியிருக்கும் ஃபிலிம், உரித்த துண்டு. அந்தத் துண்டின் பசைப் பக்கத்தில் உங்கள் வண்டியின் நிறமும் அதற்கடியில் இருந்த பிரைமரும் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்களிடம் உள்ள காகிதங்களிலேயே அதைவிட நல்ல சாட்சி இல்லை. மடிக்காமல், தட்டையாக வைத்து, ஸ்டுடியோக்காரரும் நீங்களும் உறைமேல் தேதியோடு கையெழுத்திட்டு மூடுங்கள். ஃபிலிம் வாரண்டி கார்டில் ரோல் எண் இருக்கும். மற்ற பேனல்களில் அதே ஃபிலிம் இருந்தால், "இடையில் வேறெங்கோ ஃபெண்டருக்கு மட்டும் புது ஃபிலிம் ஒட்டிக்கொண்டார்" என்ற கதை எடுபடாது. மீதியையும் உரித்துவிட்டால் அந்த ஒப்பீடு போய்விடும். அதனால்தான் முதல் வரியிலேயே நிறுத்தச் சொன்னேன்.

மீட்டர் விஷயத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. கார் கம்பெனியின் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான். உங்கள் ஃபெண்டர் 290 காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பிபிஎஃப் என்பது பாலியூரிதேன் ஃபிலிம், அதுவே 150 முதல் 200 மைக்ரான் தடிமன் இருக்கும். ஃபிலிமின் மேல் வைத்து எடுத்த அளவு என்றால் 290 என்பது முழுக்க முழுக்க இயல்பான எண். அதை வைத்து வழக்குப் போட்டால் குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடத்தில் நொறுங்கும். உரித்தபின், பெயிண்ட் பிய்யாமல் மிஞ்சிய பகுதியில், நேராக பெயிண்ட்டின் மேல் எடுத்த அளவா என்று இன்றே கேளுங்கள். இன்னொன்று, இப்படிப்பட்ட வண்டிகளில் ஃபெண்டரும் பானெட்டும் பல சமயம் அலுமினியம். இரும்புக்கு மட்டும் வேலை செய்யும் மலிவு மீட்டர் அதில் எதையும் அளக்காது. பம்பர் பிளாஸ்டிக், சாதாரண மீட்டருக்கு அது எட்டவே எட்டாது. எந்த மீட்டர், எந்த உலோகம், எந்த இடம் என்று எழுதப்படாத எண் வெறும் எண். ஒப்பிட நல்ல இடம் இடது ஃபெண்டர். அதில் மட்டும், வண்டிச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் முன்னிலையில், ஒரு சிறு பகுதியை உரித்து அளந்தால் போதும்.

ஸ்டுடியோ மீதும் வழக்கு என்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அவர்தான் உங்கள் முதல் சாட்சி. கம்பெனியில் 140 டிகிரிக்கு மேல் சூட்டில் இறுகிய பெயிண்ட், முறையாக ஃபிலிம் உரிக்கும்போது சாதாரணமாக வராது. வெளியில் 60 டிகிரி அளவில் காயவைத்த ரீபெயிண்ட்தான், அடியில் சரியாகத் தேய்க்காமல் அடித்திருந்தால், பிடிப்பு விட்டு வரும். இதை ஆணையத்தின் முன் பிரமாண வாக்குமூலமாகச் சொல்ல வேண்டியவர் அவர். அவரை எதிர்தரப்பினராகச் சேர்த்தால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஷோரூம் சொல்வதைத்தான் அவரும் சொல்வார். உரிப்பதற்கு முன் "ரீபெயிண்ட் பேனலாக இருந்தால் பொறுப்பில்லை" என்ற தாளில் உங்களிடம் கையெழுத்து வாங்கியிருப்பார். அந்தத் தாள் உங்களுக்கு நல்லதே. ரீபெயிண்ட் பேனலில்தான் பெயிண்ட் பிய்யும் என்று உரிப்பதற்கு முன்பே எழுதிவைத்ததற்கு அது சாட்சி.

கார் கம்பெனியைச் சேர்ப்பது வேறு கணக்கு. கோவாவில் ஒருவருக்கு 2011 மாடல் என்று 2009 மாடலைத் தள்ளிய வழக்கில், டீலர் செய்த தவறு கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லிவிட்டது. உங்கள் ஃபெண்டர் ஷோரூம் யார்டில் இடிபட்டதா, டிரெய்லரில் வரும் வழியில் இடிபட்டதா என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே நோட்டீஸில் ஆவணங்களைக் கேளுங்கள்: வண்டி வந்திறங்கிய அன்றைய பரிசோதனைத் தாள், டெலிவரிக்கு முந்தைய பரிசோதனைத் தாள், பாடி ஷாப் பதிவேடு, டிரான்சிட் இன்சூரன்ஸ் கிளெய்ம். கொடுக்காவிட்டால் அதுவே அவர்களுக்குப் பாதகம். உங்கள் பக்கத்தில் இன்சூரன்ஸ் கிளெய்ம் எதுவும் இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிவையுங்கள். "நீங்கள்தான் இடித்தீர்கள்" என்பதற்கு அதுதான் பதில்.

புது வண்டி கேட்பதை விட்டுவிடுங்கள். வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றித்தர வேண்டுமே தவிர வண்டியையே மாற்றித்தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருக்கிறது. ஒரு ஃபெண்டர் ரீபெயிண்ட்டுக்கு, எட்டு மாதம் ஓட்டிய வண்டியைத் திருப்பி எடு என்று எந்த ஆணையமும் உத்தரவிடும் என நான் நம்பவில்லை. அதிகம் கேட்டால் பாதியாவது கிடைக்கும் என்பது தவறான கணக்கு. அதிகம் கேட்டவரைப் பார்த்தாலே, பணம் பறிக்க வந்தவர் என்ற எண்ணம் பெஞ்சுக்கு வந்துவிடும்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது, சட்டக் கல்லூரிகளில் பாடமாகவே நடத்துகிறார்கள். அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் கோர் என்ற மருத்துவர் 1990-ல் 40,750 டாலர் கொடுத்து ஒரு பிஎம்டபிள்யூ ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கினார். ஒன்பது மாதம் கழித்து, இன்னும் பளபளப்பாக்கலாம் என்று ஒரு டீடெய்லிங் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர்தான் இது ரீபெயிண்ட் ஆன வண்டி என்று கண்டுபிடித்தார். விலையில் 3 சதவீதத்துக்கும் குறைவாகச் செலவாகும் பழுதை டீலருக்குச் சொல்லாமல் புதிது என்றே விற்பது கம்பெனியின் கொள்கையாக இருந்தது. இந்த வண்டிக்கு ஆன பெயிண்ட் செலவு சுமார் 600 டாலர். ஜூரி கொடுத்தது மதிப்புக் குறைவுக்கு 4,000 டாலர், தண்டனைத் தொகையாக 40 லட்சம் டாலர். மாநில உச்ச நீதிமன்றம் அதை 20 லட்சமாக்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996-ல் அதுவும் அளவுக்கு மீறியது என்று தள்ளியது. கடைசியில் 1997-ல் தண்டனைத் தொகை 50,000 டாலரில் வந்து நின்றது. ஏழு வருடம். எல்லா மேல்முறையீட்டையும் தாங்கி நின்றது விலையில் பத்து சதவீதம் என்று ஒரு முன்னாள் டீலர் சாட்சி சொல்லி நிரூபித்த அந்த 4,000-தான்.

நீங்கள் கேட்க வேண்டியதும் அதுவே: மதிப்புக் குறைவு. ஸ்போர்ட்ஸ் காரை வாங்க வருகிறவர் முதலில் மீட்டர் வைத்துத்தான் பார்ப்பார். ரீபெயிண்ட் என்றால் விலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்று உரிமம் பெற்ற சர்வேயரிடம் மதிப்பீடு வாங்குங்கள். அதற்கு முன் ஷோரூமுக்கு நோட்டீஸில் 15 நாள் கொடுத்து, "உங்கள் ஆளை அனுப்பிக் கூட்டாகப் பரிசோதியுங்கள்" என்று அழையுங்கள். வராவிட்டால் சர்வேயர் தனியாகப் பார்த்து எழுதட்டும். படங்களுக்கும் வாட்ஸ்அப் உரையாடலுக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன் கீழ் சான்றிதழ் எடுத்துவையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு தாராளமாகப் பெயிண்ட் அடியுங்கள். ஃபெண்டரைத் துருப்பிடிக்க விட்டால் அதுவும் உங்கள் மேல்தான் வரும்.

அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். ஷோரூம் ஏமாற்றியிருக்கலாம், அந்த மேனேஜர்தான் ஏமாற்றினார் என்பதற்கு உங்களிடம் எதுவும் இல்லை. இப்போது அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான்.

சரி, வழக்குக்கே போனால்? வண்டிக்குக் கொடுத்த விலைதான் கணக்கு என்பதால் 50 லட்சத்தைத் தாண்டிய உங்கள் புகார் சென்னையில் மாநில ஆணையத்துக்குப் போகும். கோவையிலேயே முடிக்கலாம் என்று 2.4 லட்சம் ஃபிலிம் பில்லுக்கு மட்டும் மாவட்ட ஆணையத்தில் போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் மஞ்சள் ஃபிலிமுக்குப் பணம் வரும், ரீபெயிண்ட் கேஸ் கையைவிட்டுப் போகும். சோதனை தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வருடக்கணக்கு, பிறகு டெல்லியில் தேசிய ஆணையம்.

அதனால் என் யோசனை சமரசம். வலுவான ஆதாரத்தோடு நோட்டீஸ் போனால் ஷோரூமே பேச வரும். ஃபிலிம் பணம் 2.4 லட்சம் முழுவதும், சர்வேயர் சொன்ன மதிப்புக் குறைவு, உங்களுக்குப் பிடித்த இடத்தில் ஃபெண்டர் வேலைக்கான செலவு, அவதூறு நோட்டீஸ் வாபஸ். இவை வந்தால் வாங்கிக்கொண்டு முடியுங்கள், 25 லட்சத்தை மறந்துவிடுங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் "முழுமையான இறுதித் தீர்வு" என்று வரும் இடத்தில், "வலது முன் ஃபெண்டரின் பெயிண்ட் தொடர்பாக மட்டும்" என்று எழுதவையுங்கள். ஃபெண்டர் இடிபட்டிருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் பாகங்களிலும் அடி இருக்கலாம், அது இரண்டு வருடம் கழித்துத் தெரியலாம். டெலிவரிக்கு முன் ரீபெயிண்ட் ஆனது என்று அவர்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் வேண்டும். நாளை நீங்கள் இந்த வண்டியை விற்கும்போது வாங்குகிறவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் இன்று ஷோரூம் நிற்கும் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

மறுபடி பிபிஎஃப் போடலாமா என்றால், போடுங்கள். தெறிக்கும் கல்லுக்கு அதுதான் தடை, செராமிக் கோட்டிங் அதைச் செய்யாது. ஒட்டும் முன் ஒவ்வொரு பேனலின் அளவையும் ஜாப் கார்டிலேயே எழுதி, ஸ்டுடியோவின் முத்திரையோடு வாங்குங்கள். ரீபெயிண்ட் ஆன ஃபெண்டருக்கு ஃபிலிம் வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் இல்லை என்றே சொல்வார்கள். ஜிஎஸ்டி மிச்சம் என்று பில் இல்லாமல் ஒட்டச் சம்மதிக்காதீர்கள். நிறம் மாறும் ஃபிலிம் என்றால் ஆர்.சி.யில் உள்ள நிறத்தோடு முரண்படும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் போடாதீர்கள். ஒட்டி முடித்ததும் பில்லோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து பாலிசியில் ஏற்றுங்கள். அறிவிக்காத ஃபிலிமுக்கு விபத்தின்போது பணம் தர மறுப்பார்கள்.