‘சாருலதா’: கெட்ட கணவன் இல்லாத கதை

மணவாழ்வில் சிக்கித் தவிக்கும் பெண்ணைப் பற்றிய பழங்காலக் கதைப் படங்களில் என்னை மிகவும் பாதித்தது எது என்று கேட்டிருக்கிறீர்கள். சத்யஜித் ராய் 1964-இல் எடுத்த வங்காளப் படமான ‘சாருலதா’தான். ‘சிதைந்த கூடு’ என்று பொருள்படும் தலைப்பில் தாகூர் எழுதிய குறுநாவலைத் தழுவிய இப்படத்தின் கதை 1879-ஆம் ஆண்டுக் கல்கத்தாவில் நடக்கிறது. பிரியாமணி நடித்து 2012-இல் அதே பெயரில் தமிழில் வந்த படம் வேறு.

இத்தகைய படங்களில் கணவன் பெரும்பாலும் குடிகாரனாகவோ கை நீட்டுபவனாகவோ இருப்பதால், யார் மீது கோபப்படுவது என்பது நமக்கு எளிதில் தெரிந்துவிடும். இதில் வரும் பூபதியோ சொந்தப் பணத்தில் ஆங்கிலப் பத்திரிகை நடத்துபவன், நாட்டு அரசியலே மூச்சாக வாழ்பவன், மனைவியை ஒரு சுடுசொல்லும் சொல்லாதவன். தொடக்கக் காட்சியில் சாருவாக வரும் மாதவி முகர்ஜி, கைக்குட்டையில் பூவேலை செய்துவிட்டு, நாடகக் கொட்டகையில் பயன்படுத்தும் கைப்பிடி வைத்த தொலைநோக்கியோடு ஜன்னல் ஜன்னலாக ஓடி, கதவின் பலகை இடுக்கு வழியே தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறார். அந்நேரம் புத்தகத்தில் ஆழ்ந்தபடி வரும் பூபதி, பக்கத்திலேயே நிற்கும் மனைவியைக் கவனிக்காமல் கடந்து போகிறான். போகிறவனையும் அவள் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறாள். பேச்சே ஏறக்குறைய இல்லாமல் ஒரு மணவாழ்க்கை முழுவதையும் ராய் அங்கேயே சொல்லிவிடுகிறார். பிறகு பூபதியின் தம்பி முறையான அமல் வருவதும், அவனிடம் அவள் மனம் சாய்வதும், அவள் எழுத்து பத்திரிகையில் வெளியாவதும் எல்லாம் அந்தக் காட்சியிலிருந்து கிளைப்பவையே.

என் ஆயாவுக்கு 1951-இல் திருமணமாகி, பெரம்பூரை அடுத்த பட்டாளத்தில் குடித்தனம் நடத்தினார். பின்னி ஆலையில் வேலை பார்த்த தாத்தா, ஷிஃப்ட் முடிந்தால் தொழிற்சங்கக் கூட்டம், கூட்டம் இல்லையென்றால் யாராவது ஒரு தொழிலாளியின் வழக்கு என்று அலைந்தவர். தங்கமான மனிதர் என்றுதான் தெருவே அவரைச் சொல்லும். ஆயா வேர்க்கடலை மடித்து வந்த காகிதத்தைப் பிரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, ஜன்னல் கம்பியோரம் நின்று கடைசி வரி வரைக்கும் படிப்பார். படித்ததைச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. சென்னை மாகாணத்தில் இந்துப் பெண்கள் மணவிலக்குக் கோர 1949-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் தன்னோடு பேசாத ஒரு நல்லவரைப் பற்றி ஆயா எந்த நீதிமன்றத்தில் என்னவென்று புகார் சொல்லியிருக்க முடியும்?

தாத்தா இறந்த பிறகு ஒரு நாள், வசனங்களை நான் தமிழில் சொல்லச் சொல்ல, ஆயா இந்தப் படத்தை முழுவதுமாகப் பார்த்தார். எல்லாம் தெரிந்து வீடு திரும்பும் பூபதியை நோக்கிச் சாரு கை நீட்ட, அவன் கையும் நீள, இரண்டும் சேர்வதற்குள் திரை உறைந்து நின்றுவிடுகிறது.

“கை சேர்ந்துச்சா, இல்லியா?” என்று ஆயா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னார்; அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டுக் காட்டினேன்.