மிக்சர் ஸ்குரூவைத் திருப்பினாலும் என்ஜின் கண்டுகொள்ளாதது ஏன்?

கேள்வி: என்னிடம் இருப்பது 1960-களின் நான்கு சிலிண்டர் கார், பெட்ரோலைக் காற்றோடு கலக்க ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, குலுங்குகிறது, பெட்ரோல் வாடை வேறு. மிக்சர் ஸ்குரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் மாற்றமே இல்லை. ‘கார்புரேட்டர் போச்சு, ரீகண்டிஷன் செய்த ஒன்றை மாட்டிவிடலாம்’ என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள்.

ஐடிலிங்கில், என்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். அதற்குக் கீழே உள்ள சின்னத் துளை வழியாகத்தான் பெட்ரோல் வருகிறது. மிக்சர் ஸ்குரூ ஆள்வது அந்தத் துளையை மட்டும். தகட்டின் விளிம்பை ஒட்டி மேலே இன்னும் சில துளைகள் உண்டு; ஆக்சிலரேட்டரை மிதிக்கத் தொடங்கும்போதுதான் அவற்றுக்கு வேலை. வண்டி நின்று நின்று போகிறதே என்று யாரோ ஐடில் ஸ்பீடு ஸ்குரூவை ஏற்றி வைத்திருக்கிறார். தகடு திறந்து, அந்த மேல் துளைகளே என்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டுகின்றன. பிறகு மிக்சர் ஸ்குரூவை முழுக்க மூடினாலும் என்ஜின் ஓடத்தான் செய்யும்.

முதலில் வண்டி ஏன் நின்றது? பெரும்பாலும், ஐடிலிங்குக்குப் பெட்ரோலை அளந்து விடும் ஐடில் ஜெட்டில் அடைப்பு. அதன் துளை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும்.

பாயிண்ட் கேப் (இக்னிஷன் பாயிண்ட்டுகளின் இடைவெளி), டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), டாப்பெட் (வால்வு இடைவெளி) மூன்றும் சரியாக இருந்தால்தான் அடுத்த வேலை. என்ஜின் நன்றாகச் சூடாகட்டும், குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப உதவும் சோக் முழுக்க விலகியிருக்கட்டும், ஏர் ஃபில்டர் இடத்திலேயே இருக்கட்டும். என்ஜினை நிறுத்திவிட்டு மிக்சர் ஸ்குரூவை மெதுவாக உள்ளே விட்டு, முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் முனை வடுப்படும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. ஸ்டார்ட் செய்து, ஐடில் ஸ்பீடு ஸ்குரூவால் வேகத்தைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறக்குங்கள். பிறகு மிக்சரைத் திருப்பி, என்ஜின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடத்தைப் பிடியுங்கள். வேகத்தை மறுபடி இறக்கி, இன்னொரு முறை செய்யுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, வேறு வடிவமைப்பு கொண்ட எஸ்.யூ. கார்புரேட்டர். உங்களுடையது அது இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு எஸ்.யூ. வைத்திருக்கும் நண்பருக்கு உதவக் கிளம்பிவிடுவீர்கள், அதனால் சொல்கிறேன். அதில் இந்த ஸ்குரூவே கிடையாது. பெரும்பாலானவற்றில் அடியில் உள்ள நட்டுதான் ஜெட்டை ஏற்றி இறக்கும். ஜெட் இறங்கினால் பெட்ரோல் கூடும், அதுவும் ஐடிலிங்கில் மட்டுமல்ல, எல்லா வேகத்திலும். சரிபார்க்க, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். என்ஜின் திணறினால் குறைவு. கணநேரம் ஏறி உடனே பழையபடி ஆனால் சரி. இரட்டை எஸ்.யூ. என்றால் முதலில் இரண்டிலும் காற்று சமமாகப் போக வேண்டும். அதைச் செய்யாமல் நட்டைத் தொடவே கூடாது.

இனி அந்த ‘ரீகண்டிஷன்’ சமாச்சாரம். நான் பார்த்தவற்றில் பாதி, ஆசிட்டில் முக்கிப் பளபளப்பாக்கிய தேய்ந்த சரக்கு. உள்ளே எந்த வண்டியின் ஜெட் இருக்கிறதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். ‘பழையதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று யாராவது சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். உங்கள் என்ஜினுக்காகவே ஜெட் அளவு பொருத்திய கார்புரேட்டர் உங்கள் பழையதுதான்.

புகைச் சோதனைக்குப் போவதாக இருந்தாலும் கவனம். ஐடிலிங்கில் மட்டும் குழாயை நுழைத்துப் பார்க்கும் இடங்களில், எண் தேறுவதற்காக மிக்சர் ஸ்குரூவை மூடிப் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறார்கள். சான்றிதழ் வந்துவிடும், அடுத்த சிக்னலில் வண்டி நின்றுவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலோ கலவையை இன்னும் மெலிதாக்கும். பழைய வண்டிக்காரர்களுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஜெட்டைச் சுத்தம் செய்த பிறகும் ஸ்குரூ பேசவில்லையா? தகட்டைத் தாங்கும் த்ராட்டில் ஷாஃப்ட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் அந்த இடைவெளியில் காற்று புகுகிறது. அப்போதும் புதியது வேண்டியதில்லை. நல்ல லேத் பட்டறையில் தேய்ந்த துளைக்குப் புஷ் (உலோக வளையம்) அடித்து வாங்குங்கள்.