வேர்டில் பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ்க் கடிதம் கடையில் பிரிண்ட் எடுக்கும்போது ஏன் ஆங்கிலமாக வருகிறது?

பாமினியில் தட்டியதாகச் சொல்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். பாமினி கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். தமிழ் உருவத்தைத் தருவது எழுத்துரு மட்டுமே. ‘அம்மா’வில் ‘ம்’ மேல் தெரியும் புள்ளி உள்ளே ஓர் அரைப்புள்ளி (;). கடைக் கணினியில் பாமினி இல்லாவிட்டால் அந்த அரைப்புள்ளியே தாளில் விழும்.

அவசரத்துக்கு, வீட்டிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கொண்டுபோங்கள். எழுத்துருவும் கூடவே வரும். இனிமேல் யூனிகோடில் தட்டுங்கள், அதில் கோப்புக்குள்ளும் தமிழ் எழுத்தே இருக்கும். பழைய கடிதத்துக்கு எழுத்துருவை மட்டும் மாற்றினால் போதாது, பாமினியை யூனிகோடாக மாற்றும் கன்வர்ட்டரில் போட்டு எடுக்க வேண்டும்.

அப்புறம், தலைப்புகளை ஒவ்வொன்றாகப் போல்டு செய்யாமல் ‘ஹெடிங் 1’ ஸ்டைல் கொடுங்கள். பிறகு அந்த ஸ்டைலை ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாத் தலைப்புகளும் மாறிவிடும். இட்டாலிக் மட்டும் வேண்டாம், சாய்ந்த தமிழ் கண்ணை உறுத்தும்.