ஆறு பென்னிக்குக் கிடைத்த அரண்மனை

மதிப்பிற்குரிய ஐயா,

சில ஆண்டுகளாக இங்கிலாந்தின் போல்டன் நகரில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை ஒரு சனிக்கிழமை பிளாக்பூல் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். உங்கள் உரையொன்றில் அந்த ஊரைத் தொழிலாளர்களுக்காக எழுந்த கலைக்கூடம் என்று சொல்லியிருந்தீர்கள். நான் கண்டது வேறு. இருட்டியதும் சாலையெங்கும் குடித்துவிட்டுக் கூச்சலிடும் கும்பல்கள், கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டம் என்று ஒரே நிற உடையில் திரியும் பெண்கள், காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரங்கள், மறைந்த பாடகர்களைப் போல வேடமிட்டுப் பாடுபவர்கள். பிளாக்பூல் டவர் என்ற இரும்புக் கோபுரத்தின் அடியிலுள்ள கட்டடத்துக்குள் வயதானவர்கள் ஆர்கன் என்ற பெரிய குழலிசைக் கருவியின் இசைக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அப்பா கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த இரவுக் கேளிக்கையில் கலை எங்கே இருக்கிறது? இன்னொரு முறை அவர்களை அங்கே அழைத்துப் போகலாமா?

கே., போல்டன்

அன்புள்ள கே.,

நீங்கள் குடியிருக்கும் ஊரிலிருந்தே தொடங்கலாம். போல்டன் ஒரு காலத்தில் மென்னூல் நூற்பதற்குப் பேர்போன ஊர். அதைச் சுற்றியிருந்த லங்காஷயர் வட்டாரத்துப் பஞ்சாலை நகரங்கள் எல்லாவற்றிலும் ஆண்டுக்கு ஒரு வாரம் இயந்திரங்களை நிறுத்திவிடுவார்கள். கொதிகலன்களைச் சுத்தம் செய்வார்கள். அதற்கு வேக்ஸ் வாரம் என்று பெயர். அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. சம்பளத்துடன் விடுமுறை என்ற சட்டமே 1938இல்தான் வந்தது. அதற்கு முன்பு, வருடம் முழுவதும் வாரந்தோறும் சில பென்னிகளைச் சேமிப்புச் சங்கத்தில் கட்டிவைத்து, அந்த ஒரு வாரத்தில் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு தெருவே திரண்டு கிளம்பிப் போனார்கள். 1846இல் ரயில் வந்துவிட்ட பிளாக்பூல்தான் பெரும்பாலானவர்கள் போன இடம்.

இதற்கும் கலைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. எல்லா ஊர்களும் ஒரே வாரத்தில் ஆலைகளை மூடவில்லை. ஓல்டம், பர்ன்லி, பிளாக்பர்ன் என்று ஊருக்கு ஒரு வாரம். ஆகவே கோடை முழுவதும் பிளாக்பூல் அரங்குகளில் வாரத்துக்கு வாரம் பார்வையாளர்கள் மாறினார்கள். நிகழ்ச்சியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரு நகைச்சுவைக் கலைஞர் தன் கால் மணி நேரத்தை ஒரே மேடையில், இரவுக்கு இரண்டு காட்சியாக, மாதக்கணக்கில் செதுக்கிக்கொண்டே போகலாம். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லுக்கு முன்பு மூச்சு விட வேண்டும் என்பதை அந்தக் கூட்டம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. வருடச் சேமிப்பைக் கொடுத்து டிக்கெட் வாங்கிய கூட்டம் அது, சலிப்பூட்டினால் மன்னிக்காது. சார்லி கைரோலி என்ற கோமாளி 1939இல் டவர் சர்க்கஸுக்கு வந்தவர், நாற்பது ஆண்டுகள் அந்த வளையத்தை விட்டுப் போகவில்லை. பிரிட்டிஷ் மேடை நகைச்சுவை கூர்மை பெற்ற முக்கியமான பட்டறைகளில் ஒன்று அந்தக் கடற்கரை. அதனால்தான் கலைக்கூடம் என்றேன். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

இனி உங்கள் அப்பா அலுத்துக்கொண்ட அந்த நடனக்கூடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

158 மீட்டர் உயரமுள்ள டவர் 1894இல் திறக்கப்பட்டது. உள்ளே நுழைய ஆறு பென்னி. லிஃப்டில் உச்சிக்குப் போக இன்னோர் ஆறு. சர்க்கஸுக்கு மற்றோர் ஆறு. இரண்டு ஆண்டுகளில், பக்கத்திலிருந்த விண்டர் கார்டன்ஸ் என்ற கேளிக்கை வளாகத்தின் நிர்வாகம் எம்ப்ரஸ் பால்ரூம் என்ற நடனக்கூடத்தைக் கட்டிப் போட்டியாக நின்றது. டவர்க்காரர்கள் அன்றைய மிகச் சிறந்த அரங்கக் கட்டடக் கலைஞர்களில் ஒருவரான ஃபிராங்க் மாட்சமை அழைத்தார்கள். 1899இல் அவர் முடித்துக் கொடுத்த கூடத்தைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். தங்கப்பூச்சு மாடங்கள், ஓவியம் தீட்டிய விதானம், சரவிளக்குகள். தரையில் மஹோகனி, ஓக், வால்நட் மரத்துண்டுகள் முப்பதாயிரத்துக்கும் மேல் இழைத்துப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அந்த மரத்தில் கால் வழுக்கவும் செய்யாது, ஒட்டவும் செய்யாது. 1956இல் தீப்பிடித்துத் தரையெல்லாம் கருகியபோது, சிக்கனமாக எதையாவது போட்டு மூடிவிடாமல் மறுபடி அதே அழகுடன் மீட்டு 1958இல் திறந்தார்கள். பிரபுக்களின் மாளிகைகளுக்குத் தகுந்த வேலைப்பாடு, பஞ்சுத் தூசியை விழுங்கி இருமிக்கொண்டிருந்த பெண்களுக்காகச் செய்யப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. உழைப்பவர்களுக்கு மலிவானது போதும் என்று யாரும் அங்கே நினைக்கவில்லை. லாபத்துக்காகத்தான் கட்டினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் உயர்ந்ததைக் கொடுத்து லாபம் சம்பாதித்தார்கள்.

அந்த ஆர்கனுக்கும் ஒரு கதை உண்டு. வுர்லிட்சர் நிறுவனம் அந்த வகை ஆர்கனைச் செய்ததே மௌனப் படங்களுக்குப் பின்னணி இசைப்பதற்காக. அழுகைக் காட்சிக்கும் இடி முழக்கத்துக்கும் பொருந்தும்; ஆட்டத்துக்கான தாளத்தை அதில் கொண்டுவருவது கடினம். 1930இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ரெஜினால்ட் டிக்சன் என்ற இளைஞர், இரண்டு கைகளாலும் கால்களாலும் ஒரு முழு நடன இசைக்குழுவின் துள்ளலை அந்தக் கருவியிலிருந்து வரவழைத்தார். 1935இல் அவர் யோசனைப்படியே இன்னும் பெரிய ஆர்கனைப் பொருத்தினார்கள். பி.பி.சி. வானொலி வழியாக அந்த ஓசை நாடெங்கும் போனது. 1970வரை அவர்தான் அங்கே வாசித்தார். இன்றும் ஆர்கன் மேடைக்கு அடியிலிருந்து எழுந்து வருகிறது. ஒரு மனிதர் உட்கார்ந்து, எதிரே ஆடுபவர்களின் கால்களைப் பார்த்து வாசிக்கிறார். உங்கள் அப்பா கண்ட அந்த முதியவர்கள் நேரடி இசைக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். உலகில் எத்தனை கடற்கரை ஊர்களில் அது கிடைக்கும்?

ஒழுக்கம் பற்றிய கவலை உங்கள் கடிதத்தில் மறைமுகமாக இருக்கிறது. அது பழைய கவலைதான். டவர் கூடத்தில் தொடக்க காலத்தில் ஞாயிற்றுக்கிழமை நடனத்துக்கே அனுமதியில்லை. பக்தி இசை மட்டும்தான். 1930களின் பிற்பகுதியில் மாஸ் அப்சர்வேஷன் என்ற ஆய்வுக்குழு உங்கள் போல்டனைத் தேர்ந்தெடுத்து மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவுசெய்தது. விடுமுறையில் பிளாக்பூலுக்குப் போனவர்களின் பின்னாலும் போனது. இரவில் மணல்வெளியில் பெரிய ஒழுக்கக்கேடு நடப்பதாக அன்று பேச்சு. குறிப்பேட்டுடன் இருட்டில் அலைந்தவர்கள் பெரும்பாலும் கண்டது, கட்டியணைத்து உட்கார்ந்திருந்த ஜோடிகளைத்தான். 1964இல் எம்ப்ரஸ் பால்ரூமில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் நிகழ்ச்சியில் பெரும் கலவரம் நடந்தது. நகர மன்றம் அந்தக் குழுவுக்கு விதித்த தடையை 2008இல்தான் நீக்கியது. அதே எம்ப்ரஸ் பால்ரூமில் 1920 முதல் நடக்கும் நடனப் போட்டி விழாவுக்கு இன்றும் உலகெங்கிலுமிருந்து ஆட்டக்காரர்கள் வருகிறார்கள்.

நீங்கள் சனிக்கிழமை இரவு கண்டதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆலைகள் மூடின, மலிவு விமானங்கள் தொழிலாளர்களை ஸ்பெயினின் வெயிலுக்கு அழைத்துப் போயின, வேக்ஸ் வாரம் மறைந்தது. ஒரு வாரம் தங்கியவர்களுக்குப் பதிலாக ஓரிரவு தங்கிக் குடிப்பவர்கள் வந்தார்கள். இங்கிலாந்தின் மிக வறிய நகரங்களில் ஒன்றாகப் பிளாக்பூல் ஆகிவிட்டது. வேடமிட்டுப் பாடுபவர்களை நானும் விரும்பிக் கேட்பதில்லை. ஆனால் அவர்களைவிட, அவர்களுக்குப் பின்னால் ஓடும் பதிவிசைதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. முன்பு அந்த இடத்தில் ஒரு டிரம்ஸ் கலைஞரும் ஒரு பியானோக்காரரும் இருந்தார்கள். அந்த வருமானத்தில் குடும்பம் நடத்தினார்கள். ஒரு கடற்கரை ஊரின் இரவு கெட்டுப்போவதற்கு நான் காணும் முதல் அடையாளம், வாத்தியக்காரர்களுக்கு வேலையில்லாமல் போவதுதான். மதுவும் கூச்சலும் அந்த இடைவெளியில் நுழைகின்றன.

அப்பாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். லங்காஷயர் துணி நம் நெசவாளர்களின் வயிற்றில் அடித்தது அவருக்குத் தெரிந்திருக்கும். 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயரின் டார்வெனுக்குப் போனார். அந்நியத் துணிப் புறக்கணிப்பும் அங்கே வேலையிழப்புக்கு ஒரு காரணமாக இருந்த நேரம் அது. ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரம் செய்யும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. டவர் கூடத்தில் ஆடியவர்கள் அந்தப் பெண்களைப் போன்றவர்கள்தான்.

அழைத்துப் போங்கள். சனிக்கிழமை இரவு வேண்டாம், வாரநாளில் மதியமே டவருக்குப் போய்விடுங்கள். மாடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே ஆர்கன் வாசிப்பவரின் கால்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். பெண்ணும் பெண்ணும் ஜோடியாக ஆடுவது அங்கே நெடுநாள் வழக்கம். அம்மா விரும்பினால் தயங்காமல் தளத்தில் இறங்கட்டும். சர்க்கஸ் நடக்கும் பருவமாக இருந்தால் அதற்கும் டிக்கெட் வாங்கிவிடுங்கள். டவரின் நான்கு இரும்புக் கால்களுக்கு நடுவில் அந்த வளையம் இருக்கிறது. கடைசியில் அதன் தரை கீழிறங்கி நீர் நிரம்பும். அதற்கு முன்பு எழுந்துவிடாதீர்கள்.